ஒரே ஆளின் ரத்தம்

தணிகாசலத்தின் முகத்தைவிட அவருடைய ரத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. சத்தியவேடு பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக லேப் டெக்னீஷியனாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் தாட்சாயணி. காய்ச்சல்காரர்களின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக் கொண்டுவருவார்கள். ஸ்லைடு என்போம். அதற்குச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து, மலேரியாக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வீடு வீடாகப் போய்க் குத்தி எடுத்து வருவது தணிகாசலத்தின் வேலை.

இப்போது அவரைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பேப்பரில்கூட நாலு வரி வந்தது. முப்பத்தேழு வருஷம் ஒரே வேலையைப் பார்த்த மனுஷனை நாலு வரியில் மடித்துப் போட்டுவிட்டார்களே என்று எனக்கு எரிச்சல். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும்.

அவர் நகரிப் பக்கத்துக்காரர். இருந்த நிலம் அண்ணன்மாருக்கே போதவில்லை என்று இருபத்துநாலு வயதில் கொசு மருந்து அடிக்கிற கூலியாகச் சேர்ந்தார். அடுப்படிச் சாமான் முதல் சாமி படம் வரைக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவை, சுவருக்கு மருந்தடிக்க வேண்டும் என்றால் யார்தான் ஒப்புவார்கள்? ஓர் ஊரில் ஒரு பெண்பிள்ளை துடைப்பத்தாலேயே சாத்தினாளாம். அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். அப்புறம் வேலை நிரந்தரமாகி, கையில் ஊசியும் ஸ்லைடுப் பெட்டியும் கொடுத்தார்கள். சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். வாசலில் நின்று அவர் கேட்கிற கேள்வி எல்லாருக்கும் மனப்பாடம்: "ஜொரம் வந்துச்சா? குளுரு ஒதறுச்சா? ஒரு நாள் உட்டு ஒரு நாளா?"

கிருமி இருக்கிறவர்களுக்குப் பதினாலு நாள் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் ஜனங்கள் மிச்ச மாத்திரையைக் கோழிக்குப் போட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பதினாலு நாளும் தானே போவார். "முழுங்கு. வாயத் தொற. நாக்கத் தூக்கு" என்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாளில் அவர் வேலை செய்த மாதிரி நான் ஒரு வாரம்கூட வேலை செய்ததில்லை.

நான் சேர்ந்த புதிதில் மாதத்துக்கு ஐந்தாறு ஸ்லைடிலாவது கிருமி இருக்கும். பிறகு குறைந்தது. ஒரு வருஷம் இரண்டே இரண்டு. அதற்கடுத்த வருஷம் ஒன்றுமே இல்லை. அன்றைக்குத் தணிகாசலம் புத்தூரிலிருந்து ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து, வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் சனியன் பிடித்தது. நோய் போய்விட்டது, டார்கெட் போகவில்லை. வருஷத்துக்கு நூறு பேரில் பத்துப் பேருக்காவது ரத்தம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிக்க ஊரைப் போய்க் குத்து என்றால், எந்த ஜனம் விரல் நீட்டும்? "ஜொரமே இல்ல, ரத்தம் இன்னாத்துக்கு?" என்று கதவைச் சாத்தினார்கள். பாக்டரிகள் வந்தன. மலேரியா இன்னும் இருக்கிற ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருந்தார்கள். உண்மையில் குத்திப் பார்க்க வேண்டியது அவர்களைத்தான். ஹாஸ்டல் கேட்டில் செக்யூரிட்டி இவரை உள்ளே விடமாட்டான். மாதக் கடைசியில் ஸ்லைடு குறைந்தால் மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேட்பார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம், அவர் கொண்டுவந்த முப்பத்தைந்து ஸ்லைடையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் ரோஸ் நிறப் பொடி தூவின மாதிரி ஒருவகை வெள்ளையணு உண்டு. மூச்சிளைப்பு, அலர்ஜி இருக்கிறவர்களுக்கு அது அதிகமாக இருக்கும். முதல் ஸ்லைடில் ஏகப்பட்டது இருந்தது. இரண்டாவதிலும். பத்தாவதிலும். முப்பத்தைந்திலும். ஒரு ஊரே இளைத்துக்கொண்டா இருக்கிறது? எங்கள் ஆஸ்பத்திரியில் இளைப்புக்கு மாத்திரை வாங்குகிற ஆள் தணிகாசலம் ஒருத்தர்தான். அவர் இடது கை விரல் நுனிகளைப் பார்த்தேன். நாலு விரலிலும் கறுப்புப் புள்ளிகள், தோல் காய்த்துப்போய்.

ஊரில் குத்த மறுக்காத ஒரே ஆள் அவர்தான். அவரையே குத்திக்கொண்டார்.

நான் என்ன செய்தேன்? "என்னாண்ணா, உங்க ஏரியாவுல எல்லாருக்கும் மூக்கொழுகுதா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அசட்டுத்தனமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். முப்பத்தைந்துக்கும் நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதத்திலிருந்து அவர் கொண்டுவரும் கட்டிலிருந்து முதல் ஸ்லைடை மட்டும் பார்ப்பேன். ஒரே ரத்தத்தை எத்தனை தடவை பார்ப்பது? நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. ஆறு வருஷம். எங்கள் மண்டலத்தில் மலேரியா பூஜ்யம் என்று திருப்பதியில் எங்களுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

போன ஏப்ரலில் திருப்பதியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். மலேரியாவை ஒழித்த நாடுகளில் என்ன செய்தார்கள், இன்னும் ஒழிக்க முடியாதவர்கள் என்ன கற்கலாம் என்று டெல்லியிலிருந்து ஒரு டாக்டர் வந்து பேசினார். இலங்கையைப் பற்றிச் சொன்னார். அறுபதுகளின் ஆரம்பத்தில் அங்கே ஒரு வருஷத்தில் பதினேழே பேருக்குத்தான் மலேரியாவாம். அவ்வளவுதான், முடிந்தது என்று மருந்தடிப்பதையும் ரத்தம் பார்ப்பதையும் தளர்த்திவிட்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் லட்சக்கணக்கான பேருக்கு வந்துவிட்டது. பிறகு அதை முழுசாகத் துடைக்க அவர்களுக்கு இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் தடவை அவர்கள் விடவில்லை என்றார். நோயே இல்லாத ஊருக்கும் வண்டி போட்டுக்கொண்டு போய் ரத்தம் எடுத்தார்களாம், வெளியூரிலிருந்து திரும்புகிறவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்களாம். சீனாவில் ஒரு கேஸ் வந்தால் ஒரே நாளில் மேலே சொல்லி, மூன்று நாளில் எங்கிருந்து வந்தது என்று விசாரித்து, ஏழு நாளில் அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிடுவார்களாம். தணிகாசலம் எல்லாவற்றையும் டைரியில் எழுதிக்கொண்டார். நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். புத்தூர் தாண்டியதும், "அந்தப் பதினேழு பேரு இருந்த ஊர்லயும் என்ன மாரி ஒரு ஆளு இருந்திருப்பான், இல்லம்மா?" என்றார். எனக்குப் புரிந்தது. அவர் பேச ஆரம்பிக்கிறார் என்று தெரிந்தது. நான் போனை எடுத்து வாட்ஸ்அப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஜூன் கடைசியில் அவருடைய மகள் ஹர்ஷினி வந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். மாப்பிள்ளைக்கு ஒடிசாவில் ஒரு சுரங்கத்தில் வேலை. இவளும் ஒரு வருஷமாக அங்கேதான் இருந்தாள். ஏழாம் மாதம், வளைகாப்புக்குக் கூட்டிவந்திருந்தார்கள். நானும் போய் இரண்டு கையிலும் வளையல் போட்டுவிட்டு, ஐந்து வகைச் சாதம் தின்றுவிட்டுத்தான் வந்தேன். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பயணக் களைப்பு என்றார்கள்.

நாலு நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல். புத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டினார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவள் என்றதும் டாக்டரம்மா மலேரியாவுக்கு ஒரு டெஸ்ட் பார்த்துவிடலாம் என்றிருக்கிறார். "நானே மலேரியா டிபார்ட்மெண்ட்டுதாம்மா, ஊட்லயே எடுத்துக்கினு போயி பாத்து ரிப்போர்ட் கொண்டாந்து குடுக்கறேன்" என்று தணிகாசலம் சொல்லியிருக்கிறார். அந்த டாக்டரம்மா என்ன கண்டார்? அப்பனே சொல்கிறபோது சரி என்றுதானே சொல்வார்.

அன்று வீட்டில் நடந்ததை அவர் சம்சாரம் செங்கம்மா பிற்பாடு என்னிடம் சொன்னாள். இவர் ஊசியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செங்கம்மா ஓடிவந்து, "வளையல் போட்ட கை. பத்து நாள்கூட ஆவல. அதுல ஊசி குத்தி ரத்தம் பாக்கறியா நீ? புள்ளத்தாச்சிய்யா பாவி" என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். நர்சிங் ஹோமில் குத்தியிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். வீட்டில், பெற்ற அப்பன் கையால் ரத்தம் வரக்கூடாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஹர்ஷினி சிரித்துக்கொண்டே, "குத்திக்கோ நைனா" என்று விரலை நீட்டியிருக்கிறாள். இவர் செங்கம்மா முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி உட்கார்ந்துகொண்டார். பழக்கமான விரலில் குத்தி, தடவி, ஸ்லைடின் ஓரத்தில் மகள் பெயரை எழுதினார்.

அவருக்குப் பெண்மேல் பாசம் இல்லையா? உயிரையே வைத்திருந்தார். விஷயம் அதுவல்ல. எங்கள் மண்டலத்தில் மலேரியா கிடையாது என்று அவர் நம்பிவிட்டார். ஆறு வருஷமாகத் தன் ரத்தத்தைத் தானே கொடுத்து உண்டாக்கிய பூஜ்யத்தை, சான்றிதழோடு சேர்த்து, அவரே நம்பிவிட்டார்.

ஜூலை ஐந்தாம் தேதி அந்த ஒற்றை ஸ்லைடு என் மேஜைக்கு வந்தது. ஹர்ஷினி, வயது இருபத்தாறு. தனியாக வந்ததால் ஒழுங்காகவே பார்த்தேன். கிருமி இல்லை. ரோஸ் பொடி தூவின செல்கள் நிறைய இருந்தன. பார்த்தவுடனே எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆறு வருஷமாகப் பார்க்கிற ரத்தம் தெரியாதா? அப்பனுக்கு இளைப்பு இருந்தால் பெண்ணுக்கும் இருக்கக்கூடாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் காகிதம் அவள் பைலில் முதல் பக்கமாக உட்கார்ந்துகொண்டது. மலேரியா இல்லை என்றதும் டைபாய்டுக்குப் பார்த்தார்கள். பிறகு சிறுநீரில் கிருமி என்றார்கள். மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் ஒரு நாள் விடும், மறுநாள் வரும். ரத்தம் குறைந்துகொண்டே போனது. நான் இரண்டு தடவை விசாரித்தேன். "பரவாயில்லம்மா, இன்னிக்கு இல்ல" என்பார் தணிகாசலம்.

ஜூலை இருபத்தெட்டு, திங்கட்கிழமை காலை, அவருடைய மாதாந்திரக் கட்டு வந்தது. முப்பத்தெட்டு ஸ்லைடு. அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஊர்ச் சுகாதார வேலை பார்க்கிற ஆஷா ஒர்க்கர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வழக்கம்போல முதல் ஸ்லைடை வைத்தேன். வீங்கிய சிவப்பணு, அதற்குள் நீல மோதிரம் மாதிரி மலேரியாக் கிருமி. நகர்த்தினேன். இன்னொன்று. மறுபடி இன்னொன்று.

இரண்டாவது ஸ்லைடை வைத்தேன். இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. முப்பத்தெட்டையும் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேர் பெயரிலும் மலேரியா, எல்லாவற்றிலும் அதே ரோஸ் பொடி. வேறு யாராவது பார்த்திருந்தால் ஊரே விழுந்துவிட்டது என்று அலறியிருப்பார்கள். எனக்கு அது ஒரே ஆள் என்று தெரியும்.  எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து தணிகாசலத்துக்குப் போன் போட்டேன்.

"ஜொரம்தாம்மா, மழைல நனைஞ்சிட்டேன்" என்றார்.

"அண்ணா, நீங்க வெளியூரு எங்கனா போனீங்களா?"

"எங்கம்மா போறது, பாப்பாவ இப்படி வச்சிக்கினு. அதுக்கு ஒரு நாள் உட்டு ஒரு நாள்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். முப்பத்தேழு வருஷம் ஒவ்வொரு வாசலிலும் தான் கேட்ட கேள்விக்குத் தன் வாயே பதில் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அஞ்சாம் தேதி ஸ்லைடு யாரு வெரலுண்ணா?" என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

போன் கட்டாகவில்லை.  செங்கம்மாவைக் கூப்பிட்டு ஆட்டோ பிடிக்கச் சொல்கிற சத்தம் கேட்டது.

மகளிடமிருந்து வீட்டுக் கொசுவுக்கு, கொசுவிடமிருந்து அவருக்கு. அவ்வளவுதான் கதை. அன்றைக்கே நர்சிங் ஹோமுக்குப் பேசினேன். ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கிற கிட்டில் இரண்டு கோடு விழுந்தது, மலேரியா. கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய மாத்திரைதான், மூன்றே நாள், அரசாங்கத்தில் இலவசம். முதல் நாளே கொடுத்திருக்கலாம். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. மூன்றாம் நாள் வயிற்றில் அசைவு தெரியவில்லை என்றாள் ஹர்ஷினி. திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் துடிப்பு இல்லை. வலி வரவழைத்து எடுத்தார்கள். ஆண் குழந்தை. ரொம்பச் சின்னதாக இருந்தது என்று செங்கம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை.

விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து பிரமிளா மேடம் வந்தார். பயிற்சியில் கேட்ட அந்தச் சீனாக்காரக் கணக்கெல்லாம் இப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்தது. ஏழே நாளில் அவர் தெருவைச் சுற்றி எல்லா வீட்டிலும் குத்தினார்கள். ஹாஸ்டல் கேட் திறந்தது. ஒரு ஜனம்கூட விரல் நீட்ட மறுக்கவில்லை. இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது, பக்கத்து வீட்டு ஜெயச்சந்திரனுக்கும், ஹாஸ்டலில் ஒரு பையனுக்கும். தணிகாசலம் ஒரு காகிதத்தில் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார், ஆறு வருஷத்து ஸ்லைடும் என் ரத்தம், வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை என்று. ரிட்டயர்மெண்ட்டுக்குப் பதினாலு மாதம் இருக்கும்போது சஸ்பெண்ட் ஆனார்.

"நீகு தெலீதா அம்மா?" என்று மேடம் தெலுங்கில் என்னைக் கேட்டார். உனக்குத் தெரியாதா என்று. ஸ்லைடில் பெயர் எழுதியிருந்தால் அந்தப் பெயருடைய ரத்தம் என்றுதான் பார்ப்போம் மேடம் என்றேன். என்ன சாமர்த்தியமான பதில் பாருங்கள். அவரும் எழுதிக்கொண்டார். சீ என்றிருந்தது. அதுவும் அன்றைக்கு இல்லை, மறுநாள்தான்.

குழந்தை போன ஐந்தாம் நாள் திருப்பதிக்குப் போனேன், ஹர்ஷினியைப் பார்க்க. ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செங்கம்மா காபி வாங்கப் போயிருந்தாள். ஆரஞ்சுப் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். 

"அக்கா" என்றாள். "நைனா குடுத்த ஸ்லைட பாத்தப்போ, அது என் ரத்தம் இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிச்சா?"

மேடத்துக்குச் சொன்ன பதில் வாய்வரை வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாகக்கூட இல்லை.

"தெரிஞ்சிச்சு" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போய்விடலாமா என்று நினைத்தேன். அப்புறம், மூடின கண்ணைத் திறக்காமலே, "அத அவர்கிட்ட சொல்லுங்க. அஞ்சு நாளா என் மொகத்தப் பாக்க மாட்டேங்கறாரு. அவர் ஒருத்தரே செஞ்சாருன்னு நெனச்சிக்கினு கீறாரு" என்றாள்.

தணிகாசலம் வார்டுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. சட்டை தொளதொளவென்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும்.

"அண்ணா, பாப்பா ஸ்லைடு உங்க ரத்தம்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஆறு வருஷமாவே தெரியும். தெரிஞ்சிதான் கையெழுத்துப் போட்டேன்."

 திட்டட்டும் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்மா" என்றார். "ஒவ்வொரு மாசமும் கட்ட உன் மேசைல வச்சிட்டு, இந்தத் தபா நீ திருப்பிக் குடுத்துடுவியோன்னு பயந்துக்கினேதான் போவேன். ஒரே ஒரு தபா மூஞ்சில உட்டெறிஞ்சிருந்தன்னா, வெக்கப்பட்டுக்கினாவது ஊடு ஊடா போயிருப்பேன்."